நாடாப்புழுவின் உயிரணு வளர்ச்சியும் லார்வாப் பருவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடலில் வாழும் நாடாப்புழுவைப் பற்றிப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். ஆனால் அதே புழு மூளையிலும் கல்லீரலிலும் கட்டியாக வளர்வது ஏன், தலை மிஞ்சினால் முழு உடலும் திரும்ப வருவது எப்படி, மருந்தை நிறுத்தியதும் சில கட்டிகள் மறுபடி பெருகுவது எதனால் என்பவற்றைப் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. இம்மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வகை உயிரணுதான். முட்டையிலிருந்து முதிர்ந்த புழு வரை கைமாறிக்கொண்டே வரும் அந்தச் சிறிய உயிரணுத் தொகுதியை மையமாக வைத்தே கீழ்க்காணும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

முதிர்ந்த நாடாப்புழுவின் உடல் எங்கிருந்து வளர்கிறது?

கழுத்திலிருந்து வளர்கிறது. குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும் உறிஞ்சிகள் கொண்ட சிறிய தலை, அதையடுத்துக் கண்டங்களாகப் பிரியாத மெல்லிய கழுத்து, அதன்பின் நீளும் கண்டங்களின் தொடர் என மூன்று பகுதிகள் அதன் உடலில் உண்டு. புதிய கண்டங்கள் கழுத்தில் தோன்றிப் பழையவற்றைப் பின்னே தள்ளுவதால், தலைக்கு அருகில் இருப்பது மிக இளையது, வாலில் இருப்பது மிக மூத்தது. ஒவ்வொரு கண்டத்திலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டுமே வளர்ச்சியடைகின்றன. வாலை நெருங்கும்போது அது முட்டை நிறைந்த பை போலாகி, கழன்று மலத்துடன் வெளியேறுகிறது. பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியத்தில் ஏறத்தாழ 1,000 கண்டங்கள் இருக்கும். முதிர்ந்த கண்டம் ஒன்றில் சுமார் 50,000 முட்டைகள் இருக்கலாம்.

இப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உணவு முழுவதையும் தோலின் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே வளர்ச்சி என்பது நீளத்தைக் கூட்டுவதோடு, உணவை உறிஞ்சும் பரப்பைக் கூட்டுவதாகவும் அமைகிறது.

அதன் உடலில் உள்ள எல்லா உயிரணுக்களும் பிரிந்து பெருகுகின்றனவா?

இல்லை. தசையணு, நரம்பணு, தோலைச் சேர்ந்த அணுக்கள் ஆகியவை உருவான பிறகு பிரிவதில்லை. பிரியும் ஆற்றல், ஸ்டெம் செல் எனப் பரவலாக அறியப்படும் குருத்தணுக்களுக்கு மட்டுமே உண்டு. தோலின் கட்டமைப்பை அறிந்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். நாடாப்புழுவின் மேற்தோல் தனித்தனி அணுக்களால் ஆனதன்று. இடையில் சவ்வுகளே இல்லாத ஒரே தொடர்ச்சியான படலம் அது. அதற்குரிய உட்கருக்கள் அடியில், தசைகளுக்குக் கீழே அமைந்திருக்கின்றன. அவை ஒருபோதும் இரண்டாகப் பிரிவதில்லை. அப்படியிருக்க, மீட்டர் கணக்கில் நீளும் புழுவுக்குத் தோல் எப்படிப் போதுமானதாகிறது? குருத்தணுக்கள் பிரிந்து, அவற்றில் ஒரு பகுதி தோலணுவாக மாறி, அந்தப் படலத்தோடு வந்து இணைந்துகொண்டே இருக்கின்றன.

நாடாப்புழுவும் சேர்ந்த தட்டைப்புழுக்களிலேயே, ஒட்டுண்ணியாக இல்லாமல் தனித்து வாழும் பிளனேரியன்களிடமும் இத்தகைய அணுக்கள் உண்டு. அவற்றை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாகும். ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கருத முடியாது. 2013இல் நான்கு நாடாப்புழு இனங்களின் முழு மரபணுத் தொகுப்புகள் 'நேச்சர்' இதழில் வெளியாயின. பிளனேரியன்களின் குருத்தணுக்களில் இன்றியமையாதவையாகக் கருதப்படும் வாசா, பிவி என்னும் மரபணுக்கள் நாடாப்புழுக்களில் காணாமற்போயிருந்தன. உடல் அமைப்பை நெறிப்படுத்தும் பல மரபணுக்களும் இழக்கப்பட்டிருந்தன. கொழுப்பு அமிலங்களையும் கொலஸ்ட்ராலையும் தானே உற்பத்தி செய்யும் திறனும் இல்லை. ஒட்டுண்ணி வாழ்க்கை இவ்வளவையும் கழித்துவிட்ட பிறகும் குருத்தணுக்களை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதே, அப்புழுவுக்கு அவை எவ்வளவு அடிப்படையானவை என்பதற்குப் போதிய சான்று என்று நினைக்கிறேன்.

தலை வெளியேறாவிட்டால் புழு மீண்டும் வளரும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. ஆனால் தலையும் கழுத்தும் சேர்ந்து இருக்கவேண்டும் என்பதே துல்லியமான விடை. எலியின் குடலில் வாழும் ஹைமினோலெபிஸ் டிமினுட்டா என்னும் இனத்தை வைத்து இதைத் தெளிவாகச் சோதித்திருக்கிறார்கள். ஒரே புழுவைத் திரும்பத் திரும்ப வெட்டி, முன்பகுதியை மட்டும் புதிய எலிக்கு மாற்றி, 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைத்திருந்ததாக 1967இல் ரீட் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். எலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் புழுவின் குருத்தணுக்களுக்கு முதுமை என்ற ஒன்று இருக்கிறதா என்றே ஐயம் எழுகிறது.

2019இல் அமெரிக்காவில் ரொசாரியோ, நியூமார்க் ஆகியோரின் குழு மேலும் நுட்பமான விடையைத் தந்தது. கழுத்தை மட்டும் தனியே வெட்டி வளர்த்தபோது அது சில காலம் புதிய கண்டங்களை உருவாக்கியது. பிறகு கழுத்தே தீர்ந்துபோய் வளர்ச்சி நின்றது. தலையோடு சேர்ந்த கழுத்தோ தொடர்ந்து கண்டங்களைத் தந்துகொண்டிருந்தது. பின்பகுதித் துண்டுகள் தம்மிடம் இருந்த கண்டங்களைப் பெரிதாக்கினவே தவிர, புதிதாக எதையும் உருவாக்கவில்லை. இழந்த தலையை எந்தத் துண்டும் மீட்டுக்கொள்ளவில்லை.

இதிலிருந்து, கழுத்தில் மட்டுமே சிறப்பான குருத்தணுக்கள் இருப்பதாக முடிவு கட்டத் தோன்றும். அதே ஆய்வு அந்த முடிவைத் தடுத்துவிட்டது. கதிர்வீச்சால் குருத்தணுக்களை இழந்து சாகும் நிலையிலிருந்த புழுக்களுக்கு, நலமான புழுவின் அணுக்களை ஊசி வழியாகச் செலுத்தியபோது அவை பிழைத்தன. அந்த அணுக்களைப் புழுவின் பின்பகுதியிலிருந்து எடுத்தபோதும் பலன் கிடைத்தது. ஆகவே ஆற்றலுள்ள அணுக்கள் உடலெங்கும் இருக்கின்றன. அவற்றுக்குப் புதிய கண்டம் அமைக்கும் வாய்ப்பைத் தருவது கழுத்தின் சூழல், அந்தக் கழுத்தை நிலைநிறுத்துவது தலையிலிருந்து வரும் சமிக்ஞை. அணுவின் தன்மையைக் காட்டிலும் அது இருக்கும் இடமே இங்கே தீர்மானிக்கிறது.

வளர்ச்சி எவ்வளவு வேகமானது?

மேற்சொன்ன எலி நாடாப்புழு, குடலுக்குள் நுழைந்த முதல் 15 நாள்களில் நீளத்தில் 3,400 மடங்கும் எடையில் 18 லட்சம் மடங்கும் வரை பெருகக்கூடும் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த வேகத்துக்கு வரம்பிடுவது இடமும் உணவும்தான். ஒரே குடலில் பல புழுக்கள் இருந்தால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். நெரிசல் விளைவு எனப்படும் இதற்கு மாவுச்சத்துக்கான போட்டி முக்கியக் காரணமாகக் கருதப்பட்டு வந்துள்ளது.

முட்டைக்குள் இருப்பது என்ன? அது எப்படி லார்வாவாக மாறுகிறது?

டீனியா இனங்களில், வெளியேறும் முட்டைக்குள் ஏற்கெனவே ஒரு கரு உருவாகியிருக்கும். ஆங்கோஸ்பியர் எனப்படும் அந்தக் கரு, கண்ணுக்குத் தெரியாத அளவில், ஆறு கொக்கிகளும் அவற்றை இயக்கும் தசைகளும் திசுவைக் கரைக்கும் சுரப்பிகளும் கொண்டது. பன்றியின் குடலில் செரிமான நொதிகளும் பித்தநீரும் தடித்த ஓட்டைத் தளர்த்தி அதை விடுவிக்கின்றன. அது குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, தசையையோ மூளையையோ கண்ணையோ அடைகிறது.

இதன்பின் நடப்பதை உருமாற்றம் என்றே சொல்லவேண்டும். கொக்கிகளும் தசைகளும் சுரப்பிகளும் அந்த ஒரு பயணத்துக்காகவே உருவானவை. சேருமிடம் சேர்ந்ததும் அவை சிதைந்து மறைகின்றன. கருவுக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சிறிதளவு குருத்தணுக்கள் மட்டும் பிரியத் தொடங்கி, நடுவில் ஒரு குழிவை உண்டாக்கி, அதில் நீர் சேரச் சேர முற்றிலும் புதிய உடலொன்றைக் கட்டுகின்றன. கம்பளிப்புழுவின் கூட்டுக்குள் பட்டாம்பூச்சி உருவாவதைப் போல, பழைய உடலின் பெரும்பகுதி கைவிடப்பட்டு, ஒதுக்கிவைத்த அணுக்களிலிருந்தே அடுத்த உடல் எழுகிறது. வியப்பு என்னவென்றால், புதிய தலை உருவாவது கொக்கிகள் இருந்த முனையில் அன்று. அதற்கு எதிர் முனையில்.

டீனியா சோலியத்தில் இரண்டு மூன்று மாதங்களில் சிஸ்டிசெர்கஸ் என்னும் லார்வா முழுமையடைகிறது. அது நீர் நிரம்பிய சிறு பை. அதற்குள் முதிர்ந்த புழுவின் தலை உட்புறமாக மடிந்து காத்திருக்கும்.

எல்லா நாடாப்புழுக்களுக்கும் இதே லார்வாதானா?

இல்லை, இனத்துக்கு இனம் மாறும். எலி நாடாப்புழுவின் லார்வா மாவு வண்டுகளின் உடலில் சிறு கூடாக வளர்கிறது. மீன் நாடாப்புழுவின் முட்டையிலிருந்து மயிரிழைகளால் நீந்தும் கரு வெளிவந்து, நீரில் வாழும் நுண்ணிய ஓட்டுடலியில் ஒரு பருவத்தையும் மீனில் அடுத்த பருவத்தையும் கடக்கிறது. இவ்வகைகள் பலவற்றில் ஒரு முட்டையிலிருந்து ஒரு லார்வா, ஒரு லார்வாவிலிருந்து ஒரு புழு என்பதே கணக்கு. எக்கினோகாக்கஸ் பேரினம் இந்தக் கணக்கை மீறுகிறது. அதன் முதிர்ந்த புழு நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே வளர்கிறது. லார்வாவோ ஆடு, மாடு, மனிதர் ஆகியோரின் கல்லீரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டியாகி, ஒரே முட்டையிலிருந்து ஆயிரக்கணக்கான தலைகளை உருவாக்குகிறது.

லார்வாவும் முதிர்ந்த புழுவும் ஒரே உயிரினம் என்பது எப்போது தெரிந்தது?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பன்றி இறைச்சியில் காணப்படும் கட்டிகளைத் தனி உயிரினமாகவே பலர் கருதினர். ஜெர்மன் மருத்துவர் ஃபிரீட்ரிக் கூக்கன்மைஸ்டர் முதலில் முயல்களில் இருந்த லார்வாக்களை நாய்களுக்குக் கொடுத்து நாடாப்புழு வளர்வதைக் காட்டினார். பின்னர் 1855இல், மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவருக்கு அவர் அறியாமலேயே பன்றியிலிருந்து எடுத்த லார்வாக்களை உணவில் கலந்து கொடுத்து, தண்டனைக்குப் பின் குடலை ஆராய்ந்து, இளம் நாடாப்புழுக்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார். விடை சரியாகவே கிடைத்தது. ஆனால் ஒப்புதல் பெறாமல் ஒரு மனிதர் மீது செய்யப்பட்ட அந்தச் சோதனையை அதன் பலனைக் காட்டி நியாயப்படுத்த இயலாது. அக்காலத்திலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது.

தான் சரியான குடலை அடைந்துவிட்டதை லார்வா எப்படி அறிகிறது?

சூழலிலிருந்து வரும் வேதிக் குறிப்புகளையும் தொடு உணர்வையும் கொண்டு அறிகிறது. இரைப்பையின் நொதியும் அமிலமும், அதன்பின் பித்தநீரும், உடல் வெப்பமும் சேர்ந்து, மடிந்திருந்த தலையை வெளியே விரியச் செய்கின்றன.

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் இதில் இன்னும் நுணுக்கமானது. நீர்க்கட்டிக்குள் உருவாகும் அதன் இளந்தலைகளுக்கு இரண்டு எதிர்காலங்கள் உண்டு. நாயின் குடலை அடைந்தால் கண்டங்களைக் கொண்ட புழுவாக வளரும். அதே தலை, அறுவையின்போதோ விபத்திலோ கட்டி உடைந்து மனித வயிற்றறையில் சிந்தினால், திசை மாறிப் புதிய நீர்க்கட்டியாக வீங்கும். பேராசிரியர் ஜே. டி. ஸ்மித் 1960களில் இத்தலைகளைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்துப் பார்த்தபோது, இறுகச் செய்த இரத்தச் சீரம் போன்ற திடமான புரதப் பரப்பைத் தொட்ட தலைகளே கண்டங்களை உருவாக்கும் வழியில் சென்றன. திரவத்தில் மட்டும் மிதந்தவை அவ்வழியில் செல்லவில்லை. நாயின் குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும் அனுபவத்தின் இடத்தை அந்தத் திடப் பரப்பு நிரப்பியது. ஹைடேடிட் எனப்படும் இந்த நீர்க்கட்டியை அகற்றும் அறுவை மருத்துவர்கள் ஒரு துளி நீரும் சிந்தாமல் பார்த்துக்கொள்ள அவ்வளவு பாடுபடுவதன் காரணமும் இந்த இரட்டை எதிர்காலமே.

எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ் கட்டியைப் புற்றுநோயோடு ஒப்பிடுவது ஏன்?

அதன் போக்கு அப்படியானது. நரிகளில் வாழும் இந்த இனம் மத்திய ஐரோப்பா, சீனா, ஜப்பானின் ஹொக்கைடோ ஆகிய பகுதிகளில் காணப்படுகிறது. அதன் லார்வா இயல்பாக வளர்வது சிறு கொறிவிலங்குகளில். தற்செயலாக மனிதரின் கல்லீரலை அடைந்தால், எல்லைக்கோடு இல்லாமல் நுண்ணிய பைகளாகத் திசுவுக்குள் ஊடுருவி, ஆண்டுக்கணக்கில் பரவி, நுரையீரலுக்கும் மூளைக்கும்கூடச் செல்லக்கூடும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் பிரேமின் குழு இந்த லார்வாவைக் கலங்களில் வளர்த்து, அதன் குருத்தணுக்களை விரிவாக ஆராய்ந்தது. வளர்ச்சி முழுவதும் அவற்றைச் சார்ந்தே இருப்பதும், அவற்றை அகற்றினால் பெருக்கம் நின்றுவிடுவதும் தெரியவந்தன. முன்முனையைக் குறிக்கும் மரபணுக்கள் கட்டியின் திசுவில் அடங்கியிருக்கின்றன. தலை அரும்பும் இடங்களில் மட்டுமே அவை மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன. அதாவது, தலையைத் தள்ளிப்போட்டு உடலை மட்டும் பெருக்கிக்கொண்டே போகும் லார்வா இது.

தான் தங்கி வாழும் உயிரான ஓம்புயிரியின் ஹார்மோன்களுக்கு இந்தப் புழு செவிசாய்ப்பதும் குறிப்பிடத்தக்கது. இன்சுலினை உணரும் ஏற்பிகள் அதனிடம் உள்ளன. கலங்களில் மனித இன்சுலினைச் சேர்த்தபோது அதன் வளர்ச்சி தூண்டப்பட்டது. செரிமானத்துக்குப்பின் இன்சுலின் நிறைந்த இரத்தம் கணையத்திலிருந்து முதலில் சென்று சேர்வது கல்லீரலைத்தான். அந்த உறுப்பையே இந்த லார்வா பெரிதும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நாடாப்புழுவின் உயிரணுக்களே மனித உடலில் புற்றாக மாறியதுண்டா?

ஒரு முறை தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. கொலம்பியாவில் எச்.ஐ.வி. தொற்றுடைய 41 வயது ஆண் ஒருவரின் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் 2013இல் கட்டிகள் காணப்பட்டன. அவற்றின் அணுக்கள் புற்றணுக்களைப் போலவே தாறுமாறாகப் பெருகின. ஆனால் மனித அணுக்களுக்குரிய அளவைவிட மிகச் சிறியனவாக இருந்தன. மரபணுச் சோதனை, அவை ஹைமினோலெபிஸ் நானா என்னும் குள்ள நாடாப்புழுவின் அணுக்கள் என்று காட்டியது. இடைநிலை ஓம்புயிரி இல்லாமலேயே ஒரே மனிதருக்குள் முட்டை, லார்வா, புழு என்னும் சுழற்சியை முடித்துக்கொள்ளக்கூடிய இனம் அது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய உடலில், அதன் குருத்தணுக்கள் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு கட்டுப்பாடிழந்து பெருகியிருக்கவேண்டும். அந்த நோயாளி உயிரிழந்தார். 2015இல் வெளியான இந்தப் பதிவு மிக அரிதான ஒன்றைச் சொல்கிறது. குள்ள நாடாப்புழு உள்ளவர்கள் இதைப் படித்துப் புற்றுநோய் அச்சம் கொள்ளத் தேவையில்லை.

பன்றி இறைச்சியே உண்ணாதவரின் மூளையில் பன்றி நாடாப்புழுவின் லார்வா எப்படி வருகிறது?

இறைச்சியிலுள்ள லார்வாவை உண்டால் குடலில் புழு வளரும். மூளையில் கட்டி வளர்வதற்கு முட்டையை விழுங்கவேண்டும். அந்த முட்டை வருவது, குடலில் புழு உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து. கழுவாத கை, அசுத்தமான நீர், அதில் விளைந்த கீரை ஆகியவை போதும். பன்றிக்குச் சேரவேண்டிய முட்டை மனிதருக்குள் சென்றால் நாம் பன்றியின் இடத்தில் நிற்கிறோம். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், பன்றி இறைச்சியை அறவே தவிர்க்கும் பழமைவாத யூதக் குடும்பங்களில் இந்நோய் கண்டறியப்பட்டபோது, வீட்டு வேலை செய்தவர்களிடமிருந்த நாடாப்புழுத் தொற்றே அதற்கு மூலம் எனத் தெரிந்தது. சைவ உணவினர் தமக்கு இது வராது என்று நம்புவது பிழை.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. வலிப்போடு வந்தவர்களின் ஸ்கேனில் தெரிந்த ஒற்றைச் சிறு கட்டிகளை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டிகள் என்றே கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகியோர் அத்தகைய கட்டிகளின் திசுவை ஆராய்ந்து, அவற்றில் பல, இறந்துகொண்டிருந்த சிஸ்டிசெர்கஸ் லார்வாக்கள் என்று நிறுவினர். இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்களையும் வகுத்தனர். பின்னர் வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு, வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த லார்வாவே காரணம் என்று காட்டியது.

மூளையில் வளர்ந்துவிட்ட லார்வா, உயிரோடு இருக்கும்வரை நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கக்கூடும். அது சாகத் தொடங்கும்போது அழற்சி எழுகிறது. வலிப்பு பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் உள்ளிட்ட 450 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1961இல் வெளியான அறிக்கை, தொற்றுக்கும் முதல் வலிப்புக்கும் இடையே பல ஆண்டுகள் கழியக்கூடும் என்பதைப் பதிவுசெய்தது.

மருந்துகள் குருத்தணுக்களை அழிக்கின்றனவா?

குடலிலுள்ள புழுவுக்குப் பிராசிகுவாண்டெலும் நிக்லோசமைடும் நன்றாக வேலை செய்கின்றன. புழுவே பிடியிழந்து வெளியேறுவதால் குருத்தணுக்களைத் தனியே குறிவைக்கத் தேவையில்லை. மூளையில் உள்ள லார்வாவுக்கு மருந்து கொடுக்கும்போது, அது சாவதால் எழும் அழற்சியையும் அடக்கவேண்டும் என்பதால் ஸ்டீராய்டு சேர்த்து, மருத்துவரின் கண்காணிப்பில்தான் கொடுக்கிறார்கள். மூளையில் கட்டி இருப்பதை அறியாமல் பிராசிகுவாண்டெல் எடுத்துக்கொண்டால் அதுவே வலிப்பைத் தூண்டக்கூடும். இம்மருந்துகளைத் தாமாக வாங்கி உண்ணவே கூடாது.

மல்டிலோகுலாரிஸ் கட்டிதான் கடினமானது. அல்பெண்டசோல், புழுவின் அணுக்களுக்குள் சாரம் போல் நிற்கும் டியூபுலின் என்னும் புரதத்தைத் தாக்கி வளர்ச்சியை நிறுத்துகிறது. ஆனால் குருத்தணுக்கள் முற்றாக அழிவதில்லை. எனவே அறுவைக்குப் பின்னும் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அறுவை இயலாதோருக்கு வாழ்நாள் முழுவதும்கூட, மருந்து தொடர வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் மிஞ்சிய அணுக்களிலிருந்து கட்டி மறுபடி வளரக்கூடும். குருத்தணுவையே கொல்லும் மருந்தைத் தேடுவதுதான் இத்துறையில் இன்று மிக அவசரமான பணி என்பது என் கருத்து.

லார்வா உருவாகும் முன்பே தடுக்க முடியுமா?

விலங்குகளில் முடிகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த ஆங்கோஸ்பியர், புதிய உடலைக் கட்டி முடிக்கும்வரையான சில நாள்கள் மட்டும் நோயெதிர்ப்புக்கு எளிதில் ஆட்படும் நிலையில் இருக்கிறது. நிலைபெற்றுவிட்ட கட்டியோ எதிர்ப்பை எளிதில் சமாளித்துக்கொள்கிறது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழு இந்தக் குறுகிய இடைவெளியையே பயன்படுத்தியது. ஆங்கோஸ்பியரில் உருவாகும் டிசால்18 என்னும் புரதத்தைக் கொண்டு பன்றிகளுக்கான தடுப்பூசி உருவானது. சோதனைகளில் அது ஏறத்தாழ முழுமையான பாதுகாப்பைத் தந்தது. ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் அதைச் சிஸ்வாக்ஸ் என்ற பெயரில் தயாரிக்கிறது. ஆடுகளில் ஹைடேடிட் கட்டியைத் தடுக்கும் இஜி95 தடுப்பூசியும் இதே கொள்கையில் அமைந்ததே. தடுப்பூசிக்கு முன்பே தசையில் நிலைபெற்றுவிட்ட லார்வாவை அது அழிப்பதில்லை என்பதால், பன்றிகளுக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.